தோன்றா எழுவாய்

கையாடல் என்பது ஏழைகளுக்கென்று ஒதுக்கிவைத்த சொல். சந்தேகம் இருந்தால் எந்தப் பத்திரிகையையும் எடுத்து உள்பக்கத்தைப் புரட்டுங்கள். உப தபாலதிபர் கையாடினார். கூட்டுறவுக் கடை முகாமையாளர் கையாடினார். சமுர்த்தி உத்தியோகத்தர் கையாடினார். தொகை நாற்பதாயிரம், எண்பதாயிரம், மிஞ்சிப் போனால் சில இலட்சம். வாக்கியத்தில் எழுவாய் இருக்கும், பயனிலை இருக்கும், வயது இருக்கும், ஊர் இருக்கும். தலையில் துவாயைப் போட்டு முகத்தை மறைத்த படமும் சில வேளை இருக்கும். தமிழ் வாக்கியம் எப்படி அமைய வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இனி முதல் பக்கத்துக்கு வாருங்கள். அங்கே பில்லியன்கள். அங்கே எவரும் எதையும் கையாடுவதில்லை. "முறைகேடு இடம்பெற்றுள்ளது." "நட்டம் ஏற்பட்டுள்ளது." "உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை." யார் செய்தது? வாக்கியத்துக்குத் தெரியாது. மழை பெய்தது போல, மண் சரிந்தது போல, காசு தானாகவே காணாமல் போயிருக்கிறது.

சம்பளம் ஏற ஏறச் சொல்லும் மாறும். காசாளர் எடுத்தால் கையாடல். முகாமையாளர் எடுத்தால் முறைகேடு. பணிப்பாளர் சபை எடுத்தால் நிருவாகக் குறைபாடு. அமைச்சர் எடுத்தால் சர்ச்சை. 2025 ஆகஸ்டில் முன்னாள் ஜனாதிபதி ஒருவரே கைதானார். குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நான் பார்த்தது சொல்லைத்தான். "அரச நிதித் துஷ்பிரயோகம்." துஷ்பிரயோகம், ஏழு எழுத்து வடமொழி. பெரிய இடத்துக்குப் பெரிய சொல். கையாடல் என்று எழுத எந்த ஆசிரியருக்கும் கை வரவில்லை.

சொல்லை ஒருமுறை பிரித்துப் பார்ப்போம். கை, ஆடு. நீராடு, சூதாடு, கொண்டாடு என்று வருகிற அதே ஆடு. கை இருக்கக்கூடாத இடத்தில் இருந்து ஆடியது என்பதே பொருள். பக்கத்து வீட்டில் இன்னொரு சொல் குடியிருக்கிறது. கையாளுதல். நிதியைக் கையாளுகிறார் என்றால் மரியாதை. நிதியைக் கையாடுகிறார் என்றால் மறியல். இரண்டுக்கும் இடையில் ஒரே ஓர் எழுத்து. அந்த ளகரம் எந்த நாளில் டகரமானது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த நாட்டில் கணக்காய்வாளர் நாயகம், நாடாளுமன்றத்தின் கோப் குழு, கோபா குழு, இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, ஜனாதிபதி ஆணைக்குழு எல்லாம். ஓர் எழுத்தைத் தேட இவ்வளவு பேர். இன்னும் அகப்படவில்லை.

சட்டத்தில் சொல் இல்லையா? இருக்கிறது. வெள்ளைக்காரன் 1883இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக் கோவை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 386ஆம் பிரிவு, பிறர் சொத்தை நேர்மையின்றிக் கையாடுவது. 388ஆம் பிரிவு, நம்பி ஒப்படைத்ததை விழுங்குவது. 391இல் எழுதுவினைஞருக்கும் வேலைக்காரருக்கும் தனியாக ஒரு கவனிப்பு. 392இல் பொது ஊழியர், வங்கியாளர், முகவர். இவ்வளவு விவரமாக எழுதியவன் ஒன்றை மட்டும் எதிர்பார்க்கவில்லை. சட்டத்தை மாற்றாமலே, சொல்லை மட்டும் மாற்றித் தப்பலாம் என்பதை.

அதற்கு நம்முடைய இலக்கணமே வழி சொல்லித் தருகிறது என்பதுதான் வேதனை. தகுதி வழக்கு மூன்று வகை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி பேசுவது குழூஉக்குறி. அதற்குப் பாடப்புத்தகம் காலங்காலமாகக் காட்டும் உதாரணம், பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது. பறி! மத்திய வங்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்னால் எழுதிய உதாரணம்.

நமது அரசாங்கக் கடதாசிகளில் இப்போது மிக அதிகமாகப் புழங்கும் மங்கலச் சொல் எது தெரியுமா? 'நிலுவை.'

அந்தச் சொல் வேலை செய்யும் இடத்தைக் காட்டுகிறேன். மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போனால் அலுவிகாரை, வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள், அதன் பிறகு பலாபத்வல. வெளிநாட்டுக்காரருக்கு மிளகுக் கொடியையும் ஜாதிக்காயையும் காட்டி எண்ணெய் விற்கிற பாதை. பஸ்ஸில் போகிறவருக்குத் தெரிவது அந்தப் பலகைகள்தான். பலகை இல்லாத தோட்டங்கள் மலைப்பக்கம் இருக்கின்றன. அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, ஒரு சம்பளச் சீட்டைத் தவிர.

அந்தச் சீட்டைக் கிட்ட வைத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் மாதச் சீட்டு. மேலே வரவு. எத்தனை பேர் (அதாவது நாள் வேலை), எத்தனை அரைப்பேர், மேலதிகக் கிலோ எவ்வளவு. கீழே கழிவு. முற்பணம், கோயில் காசு, டோபி, பாபர், சங்கத்துச் சந்தா, சேமலாப நிதி. (இதில் சந்தாவுக்கு மட்டும் ஒரு விசேடம். அது தோட்டத்து ஒபிசில் நின்றுவிட்டதென்று எந்தச் சங்கத் தலைவரும் முறையிட்டு நான் பார்த்ததில்லை. அது போய்ச் சேருகிறது.) சேமலாப நிதிக்கு 8 வீதம். 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதில் 8 வீதம் 108 ரூபா.

நூற்றெட்டு. மாத்தளை முத்துமாரியம்மனுக்கு அருச்சனை செய்யப் பொருத்தமான எண். நாளொன்றுக்கு நூற்றெட்டு நாமம்.

இந்த 108உடன் தொழில் கொடுப்பவர் தன் பங்காக 12 வீதம் சேர்க்க வேண்டும். அது 162. இரண்டும் சேர்ந்து 270. மாதம் இருபத்தைந்து நாள் பேர் விழுந்தால் 6,750. வருடத்துக்கு 81,000. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தன் கையால் 3 வீதம் கட்ட வேண்டும். சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கம். நம்பிக்கை நிதிச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கம். வேலை செய்த மாதத்துக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் பணம் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். சட்டத்தில் ஓட்டை இல்லை. சட்டம் அச்சடித்த தாள் நல்ல தாள்.

நடப்பது என்ன? கழிவு நடக்கிறது. மாதம் தவறாமல், ஒரு சதம் பிசகாமல் நடக்கிறது. கழித்த காசு நிதிக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் போகவில்லை, வருடக்கணக்கில் போகவில்லை.

இலக்கணப்படி சொன்னால், ஐந்தாம் வேற்றுமை நடந்துவிட்டது. சம்பளத்தின் நீங்கிற்று, நீங்கல் பொருள். நான்காம் வேற்றுமை நடக்கவில்லை. நிதிக்குக் கொடுத்தான், கொடைப் பொருள். நீங்கியதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் காசு எங்கே நின்றது, யார் கையில் நின்றது, அதில் என்ன வாங்கினார்கள், எந்த ஜீப்புக்குப் பெற்றோல் அடித்தார்கள்? அதற்கு வேற்றுமை உருபு இல்லை. அதற்குப் பெயர் 'நிலுவை'.

இதை ஏதோ ஒரு கள்ளத் தனியார் கம்பனியின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நாடாளுமன்றத்திலும் கோப் குழுவிலும் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர்கள் மூன்று. ஜனவசம என்கிற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி. மூன்றும் அரசாங்கத்தினுடையவை. மூன்றாவது நம்முடைய மாத்தளை மாவட்டத்து ஊரொன்றின் பெயரையே சூடிக்கொண்டது. தனியார் கம்பனி திருடினால் பிடிக்க வேண்டிய கை அரசாங்கத்தின் கை. இங்கே திருடிய கையும் அதுதான்.

ஆகவே ஒரு நாடகம். தொழில் திணைக்களம் அரசாங்கம். கம்பனி அரசாங்கம். கடைசியில் காசு தர வேண்டிய திறைசேரி அரசாங்கம். அரசாங்கம் அரசாங்கத்துக்கு அறிவித்தல் அனுப்பியது. அரசாங்கம் அரசாங்கத்திடம் தவணை கேட்டது. அரசாங்கம் அரசாங்கத்தின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டது. தன்வினை, பிறவினை என்று பிரிக்கவே முடியாத அளவுக்கு ஒற்றுமை. நடுவில் நின்று கையை நீட்டிய கிழவிக்கு மட்டும் "அடுத்த கிழமை வாங்க அம்மா."

பாக்கு நீரிணைக்கு அப்பால் இதற்கு என்ன பெயர்? 1973இல் இந்தியா தன் அன்றைய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தது. தொழிலாளியின் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்கென்று பிடித்த காசு முதலாளியிடம் நம்பி ஒப்படைத்த காசு. அதைக் கட்டத் தவறினால் நேர்மையின்றிப் பயன்படுத்தியதாகவே கொள்ளப்படும். அதாவது நம்பிக்கை மோசடி. அதனால் அங்கே முதலாளிகள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் பெரிய மனிதருக்கு நெஞ்சுவலி வரும், வைத்தியசாலையில் கட்டில் கிடைக்கும். ஆனால் சொல்லையாவது சொன்னார்கள். கழித்து வைத்துக்கொண்டு கட்டாமல் விட்டால் அது கடன் அல்ல, குற்றம் என்று எழுத்தில் எழுதினார்கள். நாமோ ஐம்பது வருடமாக 'நிலுவை'க்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம்.

கடன் என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். இந்தப் பெண் எப்போது கடன் கொடுத்தாள்? எந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தாள்? வட்டி எவ்வளவு என்று பேசினாளா? தன் லயத்துக் கூரைத் தகரம் மாற்றக் காசில்லாதவள் அரச கம்பனிக்குக் கடன் கொடுத்திருக்கிறாள். உலக வங்கிகூட இவளிடம் வந்து பாடம் கேட்கலாம்.

தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்றால் வேறு பொருள். ஒரு பேர் என்றால் ஒரு நாள் வேலை, ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். தராசு முள் சற்று இறங்கினால் போதும், கணக்கப்பிள்ளையின் பேனா ஒரு நாளை இரண்டாக வெட்டிவிடும். மழையில் அட்டைக் கடியோடு எட்டு மணி நேரம் நின்றவளுக்கு அரை நாள். ஈரக் கொழுந்தென்று கழிவு, கூடையின் எடைக்குக் கழிவு. அத்தனை துல்லியம். வருடக்கணக்கில் சேமலாப நிதி கட்டாத கம்பனிக்கு அரைப்பேர் போட்டவர் யார்? தலைவருக்கு அரைப்பேர் விழுந்ததா? பணிப்பாளர் சபைக் கூட்டத்தின் அமர்வுப் படியில் அரைப்பங்கு வெட்டினார்களா? வாகனத்தை நிறுத்தினார்களா? நுவரெலியா பங்களாவில் விடுமுறைக்கு அறை கொடுக்க மறுத்தார்களா?

இன்னொரு பேரும் இருக்கிறது. பதிவில் உள்ள பெயர். கிளாக்கர் ஐயா என்றோ ஒரு நாள் தனக்குக் கேட்டபடி எழுதிய பெயர் ஒன்று. அடையாள அட்டையில் வேறு, பிறப்புச் சான்றிதழில் வேறு, சேமலாப நிதிப் பத்திரத்தில் வேறு. ராமாயி, ராமாய், இராமாயம்மா. மூன்றும் ஒருத்தி. கொழுந்து நிறுக்கும்போது ஒருத்தி, சம்பளத்தில் கழிக்கும்போது ஒருத்தி, காசு கேட்டு வரும்போது மட்டும் மூன்று பேர். சத்தியக் கடதாசி கொண்டு வா, கிராம சேவகர் கடிதம் கொண்டு வா, தோட்டத்து அத்தாட்சி கொண்டு வா. ஒரு குறிலுக்காக அறுபது வயதுக்காரி மூன்று பஸ் ஏறுகிறாள். சொற்குற்றத்துக்கு இவ்வளவு தண்டனை. பொருட்குற்றத்துக்கு? அதற்கு அமைச்சரவைப் பத்திரம்.

இந்த ஏ9 வீதிக்கும் இதெல்லாம் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு வந்த வடபாதை இதுதான். வந்து சேராமல் வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. வந்து சேர்ந்தவர்களுக்குக் கணக்கு இருந்தது, கடன் கணக்கு. கப்பல் செலவு, வழிச் சோறு, கம்பளி, எல்லாம் அவர்கள் தலையில். அந்தக் கடனை ஒரு காகிதத்தில் எழுதினார்கள். 'துண்டு' என்று பெயர். தோட்டம் மாறினால் துண்டும் கூடவே போகும். கடனைத் தீர்க்காமல் தொழிலாளி அசைய முடியாது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

அன்றைக்குக் கூலிக்காரனின் சில ரூபாய்க் கடன் நிழலாக அவன் பின்னாலேயே நடந்தது. இன்றைக்குக் கம்பனியின் கோடிக்கணக்கான கடன் எந்தத் தலைவர் பின்னாலும் நடப்பதில்லை. ஆட்சி மாறும், தலைவர் மாறுவார், புதியவருக்கு மாலை, பழையவருக்கு இன்னொரு கூட்டுத்தாபனம். அவர் கையில் எந்தத் துண்டும் இல்லை. துண்டு போட்டவர்களின் பேரன்மார் தோளில் பட்டுத் துண்டு விழுகிறது, அவ்வளவுதான் மாற்றம்.

சரி, ஒரு நல்ல தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். இருக்கின்றன. அங்கே 108 ரூபாவும் 162 ரூபாவும் ஒழுங்காகப் போய்ச் சேமலாப நிதியில் விழுகின்றன. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். அந்த நிதியைப் பராமரிப்பது மத்திய வங்கி.

2015 பெப்ரவரி 27. மத்திய வங்கி 1 பில்லியன் ரூபாவுக்கு முப்பது வருடப் பிணைமுறி விற்பதாக அறிவித்திருந்தது. அன்று 10 பில்லியனுக்கு விற்றது. ஆளுநர் அர்ஜுன மகேந்திரன். பெருமளவு வாங்கியது பெர்ப்பச்சுவல் ட்ரெஷரிஸ். அதன் சொந்தக்காரர் அர்ஜுன் அலோசியஸ், ஆளுநரின் மருமகன். 'நல்லாட்சி' அரசாங்கம் வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு உட்கார்ந்தது. அந்த நிறுவனம் பிணைமுறி வியாபாரத்தில் 11 பில்லியன் ரூபாவுக்கு மேல் இலாபம் கண்டதாக அறிக்கை சொன்னது. இரண்டாம் நிலைச் சந்தையில் அதே பிணைமுறிகளைக் கூடிய விலைக்கு வாங்கி நட்டப்பட்டது யார்? ஊழியர் சேமலாப நிதி. பலாபத்வல மலையிலிருந்து தப்பிப் போன நூற்றெட்டு ரூபா கொழும்பில் போய் அகப்பட்டுக்கொண்டது.

அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது கோப் குழுவின் அறிக்கை. 2016 ஒக்டோபரில் வந்தது. குழுவில் இருந்த ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலர் அந்த அறிக்கைக்கு அடிக்குறிப்புகள் போட்டார்கள். ஆமாம், அடிக்குறிப்பு. மேலே பிரதான பந்தியில் குற்றம், கீழே சின்ன எழுத்தில் சமாதானம். அதற்காகவே 'அடிக்குறிப்புக் கோஷ்டி' என்று ஊர் பெயர் வைத்தது. உலகத்தில் எத்தனையோ கொள்ளைகள் துப்பாக்கி முனையில் நடந்திருக்கின்றன. உடுக்குறி போட்டுக் காப்பாற்ற முயன்ற கொள்ளை நம்முடையது. மகேந்திரன் 2018 ஜனவரியில் சிங்கப்பூர் போனார். போனவர் வரவில்லை.

இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'வந்தேன்' என்று மட்டும் சொன்னால் போதும், 'நான்' என்ற எழுவாயை வினைமுற்றின் விகுதியே காட்டிக் கொடுத்துவிடும். தமிழ் நேர்மையான மொழி. ஆள் ஒளிந்தாலும் வால் தெரியும். நம் அறிக்கை எழுதுகிறவர்கள் அந்த வாலையும் நறுக்கிவிட்டார்கள். 'செலுத்தப்படவில்லை.' இதில் விகுதியைப் பார்த்து ஆளைப் பிடியுங்கள் பார்ப்போம். செயப்பாட்டு வினையில் 'ஆல்' என்ற மூன்றாம் வேற்றுமை உருபு வர வேண்டும். தலைவரால் செலுத்தப்படவில்லை, செயலாளரால் செலுத்தப்படவில்லை என்று. அந்த 'ஆல்' எழுதப்பட்ட ஓர் அறிக்கை வரட்டும், நான் பேனாவைக் கீழே வைக்கிறேன்.

'படு' மட்டும் பத்திரமாக இருக்கிறது. மத்திய வங்கியின் தமிழில் அரசாங்கக் கடனுக்குப் பெயரே 'படுகடன்'. நாடு வங்குரோத்தான பிறகு, 2023இல் 'உள்நாட்டுப் படுகடன் உகப்பாக்கம்' என்று ஒன்று வந்தது. உகப்பாம். யாருக்கு உகந்தது? வங்கிகள் வைத்திருந்த பிணைமுறிகளைத் தொடவில்லை. ஓய்வூதிய நிதிகள் வைத்திருந்ததைத் தொட்டார்கள். பழைய பிணைமுறியைத் தந்துவிட்டு, குறைந்த வட்டிக்கு நீண்ட காலப் புதிய பிணைமுறியை வாங்கிக்கொள். மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும். இதற்குப் பெயர் விருப்பத் தெரிவு. கடன்பட்டது அவர்கள். பட்டது நாங்கள்.

கோபத்தில் அலுவிகாரையை மறந்துவிடப் பார்த்தேன். பலாபத்வலைக்கு வரும் வழியில் தாண்டி வந்தோமே. வலகம்பா மன்னன் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாக வந்த திரிபிடகத்தை முதன்முதலில் ஓலையில் எழுதிய இடம். பஞ்சசீலத்தில் இரண்டாவது, கொடாததை எடுக்காதிருத்தல். இதைவிடச் சுத்தமான வரைவிலக்கணத்தை எந்தச் சட்டத்தரணியும் எழுதியதில்லை. நிலுவை இல்லை, முறைகேடு இல்லை. கொடாததை எடுக்காதே. அவ்வளவுதான். பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று அரசியலமைப்பில் எழுதிய நாடு இது. இரண்டாவது சீலத்துக்கு எத்தனையாவது இடம் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

2015 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், சில் அனுட்டிப்போருக்கு வெள்ளைத் துணி கொடுக்கவென்று தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 600 மில்லியன் ரூபா செலவானது. சீலம் காக்கத் துணி, அரச காசில். 2017இல் கொழும்பு மேல் நீதிமன்றம் ஜனாதிபதியின் முன்னாள் செயலாளர் லலித் வீரதுங்கவையும் ஆணைக்குழுவின் முன்னாள் பணிப்பாளர் நாயகம் அனுஷ பல்பிட்டவையும் குற்றவாளிகள் என்றது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. தீர்ப்பு தீர்ப்புத்தான். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. 600 மில்லியன் ரூபாவும் துணியும் எழுவாய் இல்லாமல் நிற்கின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கடைசியில் தோட்டத்து நிலுவை என்ன ஆகும்? யாராவது ஒரு தேர்தலுக்கு முன்னால், திறைசேரிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். மேடை போடுவார்கள், காசோலையைப் பெரிதாக அச்சடித்துக் காட்டுவார்கள், அமைச்சருக்கு நன்றியுரை. திறைசேரிக்குக் காசு எங்கிருந்து வருகிறது? 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். லயத்துக்காரி கடையில் வாங்குகிற சவர்க்காரத்திலும் அது இருக்கிறது. அவளிடம் ஒருமுறை எடுத்தார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அவளிடமே இன்னொரு முறை எடுக்கிறார்கள். அதற்கும் அவளே கைதட்ட வேண்டும். எடுத்த கை எங்கேயோ இன்னொரு கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

வாசகரே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அரச கம்பனிக்கும் கூட்டுத்தாபனத்துக்கும் அது பொருந்தும். தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை தொழிலாளர் சம்பளத்தில் சேமலாப நிதிக்குக் கழித்தீர்கள், அதில் எவ்வளவு கட்டினீர்கள், கட்டாத மாதங்களில் தலைவராக இருந்தவர் யார், பிரதம கணக்காளர் யார், காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். பெயர்களைக் கேளுங்கள். பதவிப் பெயரை அல்ல, ஆளின் பெயரை. முடிவை அறிவிக்கச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் பதினான்கு வேலை நாட்கள். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேல் ஆணைக்குழு. பக்கத்து லயத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவர் இருந்தால் அவருக்காகவும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.